கேள்வி தெரியாமல் கட்டிய கலம்

2009-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஜெர்மனியிலிருந்து ஓர் எஃகுக் கலம் அட்லாண்டிக்கைத் தாண்டி, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்குக்கு வந்து சேர்ந்தது. கேம்ப் என்பது அதன் சுருக்கப் பெயர். உள்ளே காற்றில்லா வெற்றிடம். சுற்றிலும் வட்ட வட்டமாக இணைப்பு வாய்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு பம்ப், அல்லது ஒரு வால்வு, அல்லது கம்பிக் கற்றை ஒன்று. அது வந்து இறங்கிய ஸ்லாக் தேசிய முடுக்கி ஆய்வகத்தில் அந்த ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதிதான் உலகின் முதல் வன் எக்ஸ் கதிர் லேசர் ஒளிர்ந்திருந்தது. எல்.சி.எல்.எஸ். என்பது அந்த லேசரின் பெயர். அதன் ஒளிக்கு நேரே ஒரு பொருளை வைத்தால் என்ன நடக்கும் என்று கணக்குகள் சொல்லியிருந்தன. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

எக்ஸ் கதிர் லேசரைப் பற்றி எழுதுகிறவர்கள் முடுக்கியின் நீளத்தையும் செலவையும் சொல்லிவிட்டு நின்றுவிடுவது வழக்கம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஒளியை உண்டாக்குவது பாதி வேலை. அந்த ஒளி எதன்மேல் படுகிறது, பட்டபின் சிதறுவதை எது பிடிக்கிறது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி நடக்கும் இடம்தான் சோதனை நிலையம். பல துறைக்காரர்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைத்த நிலையங்கள் செய்திகளில் ஒரு வரிக்குமேல் பெறுவதில்லை. கேம்ப் கலத்தின் வாழ்க்கையைத் தொடர்ந்து போனால் அந்த வேலையின் உள்ளே நுழையலாம்.

முதலில் ஒளியைப் பற்றி, சுருக்கமாக. ஸ்லாக்கில் 1960-களில் கட்டிய 3.2 கிலோமீட்டர் நீள நேர்கோட்டு முடுக்கி ஒன்று உண்டு. துகள் இயற்பியலுக்கு நோபல் பரிசுகளைத் தேடித்தந்த இயந்திரம் அது. அதன் பணி ஓயத் தொடங்கிய காலத்தில், 1992-இல், கிளாவ்டியோ பெல்லெகிரினி என்ற இயற்பியலாளர் ஒரு யோசனை சொன்னார்: அதே முடுக்கியைக் கொண்டு எக்ஸ் கதிர் லேசர் செய்யலாம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் மேடி 1970-களில் கண்டுபிடித்த கட்டற்ற எலெக்ட்ரான் லேசர்தான் அதற்கு அடிப்படை. முடுக்கியின் கடைசி ஒரு கிலோமீட்டர் இதற்காக ஒதுக்கப்பட்டது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான் கொத்துகள், வடக்கும் தெற்கும் மாறி மாறி வரும் காந்த வரிசைக்குள் நுழைகின்றன. 33 காந்தத் துண்டுகள், மொத்தம் 132 மீட்டர். அதற்குள் எலெக்ட்ரான்கள் இடமும் வலமுமாக நெளிந்து ஒளியை உமிழ்கின்றன. உமிழ்ந்த ஒளியே பின் எலெக்ட்ரான்களை மெல்லிய அடுக்குகளாகத் திரட்டுகிறது. அடுக்குகள் ஒரே தாளத்தில் உமிழ, ஒளி மடங்கு மடங்காகப் பெருகுகிறது. வெளியே வரும் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் ஒரு லட்சம் கோடி ஃபோட்டான்கள். துடிப்பு நீடிப்பதோ சில பத்து ஃபெம்டோ வினாடிகள்தான். ஒரு வினாடியில் 10 கோடி கோடியில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோ வினாடி. 70 ஃபெம்டோ வினாடியில் ஒளியாலேயே 21 மைக்ரான் தூரம்தான் போக முடியும், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

இத்தனை ஒளி இத்தனை சிறு பொழுதில் ஒரு புள்ளியில் குவிந்தால் அங்கே இருக்கும் பொருள் பிழைக்காது. நிலையத்தை வடிவமைக்கிறவரின் முதல் தலைவலி இதுதான். சாதாரண எக்ஸ் கதிர் ஆய்வில் ஒரு படிகத்தை ஊசி முனையில் பொருத்தி, மெல்லத் திருப்பித் திருப்பி நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். இங்கே ஒரு துடிப்புக்கு ஒரு மாதிரி. அடுத்த துடிப்புக்கு முன் புதிய மாதிரி அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். எல்.சி.எல்.எஸ். தொடக்க நாள்களில் வினாடிக்கு 30 துடிப்பு என்ற கணக்கில் ஓடியது. பிறகு அது 120 ஆனது.

அழிவது உறுதி என்றால் எதற்கு இந்தப் பாடு? 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் நியூட்ஸே, யானோஷ் ஹைடு ஆகியோர் அடங்கிய குழு நேச்சர் இதழில் ஒரு கணினிக் கணக்கை வெளியிட்டது. லைசோசைம் என்ற புரத மூலக்கூறின்மேல் மிகக் குறுகிய எக்ஸ் கதிர்த் துடிப்பு பட்டால் அது வெடித்துச் சிதறும். ஆனால் அணுக்கள் தங்கள் இடத்தைவிட்டு நகரச் சிறிது நேரம் பிடிக்கும். துடிப்பு அதற்குள் கடந்து போய்விட்டால், சிதறிய ஒளி எடுத்துச் செல்வது வெடிப்பதற்கு முந்தைய உருவத்தை. 2006-இல் ஹென்றி சாப்மனும் கூட்டாளிகளும் ஹாம்பர்க்கில் இருக்கும் ஃபிளாஷ் லேசரில் இதைச் செய்து காட்டினார்கள். சிலிகான் நைட்ரைடுப் படலத்தில் வெட்டிய நுண்ணிய உருவம் ஒன்றின்மேல் ஒரே ஒரு துடிப்பைச் செலுத்தினார்கள். படலம் ஆவியானது, உருவம் டிடெக்டரில் பதிந்தது. ஆனால் ஃபிளாஷின் அலைநீளம் அன்று 32 நானோமீட்டர். மூலக்கூறுகளைப் பார்க்க அது போதாது. மென்லோ பார்க்கில் ஒளி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருந்த காலத்தில் கலம் உருவானது. ஹாம்பர்க்கின் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் அறிவியல் மையத்தில் மேக்ஸ் பிளாங்க் கழகம் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தது. மூன்று உலகத்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஹைடல்பெர்க்கின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலிருந்து வந்த யோவாகிம் உல்ரிக், அணுவிலிருந்து பிய்ந்து பறக்கும் எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் அளப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அதே ஊரின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த இல்மே ஷ்லிக்டிங் புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர். மியூனிக்கின் குறைகடத்தி ஆய்வகத்திலிருந்து லோதார் ஷ்ட்ரூடர் டிடெக்டரைக் கொண்டுவந்தார். ஒருவருக்கு வேண்டியது எலெக்ட்ரான், மற்றவருக்கு வேண்டியது படம். இந்த ஒளியில் எந்தக் கேள்வி பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதனால் சிதறும் ஃபோட்டான்கள், பிய்யும் எலெக்ட்ரான்கள், எஞ்சும் அயனிகள் என எதையும் விடாமல் ஒரே துடிப்பில் பிடிக்கும் கலமாக அதை வடிவமைத்தார்கள். இந்தக் கதையில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். ஒரு கேள்விக்கென்று கருவி செய்வது எளிது, செலவும் குறைவு. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு கருவியும் மற்றதன் வழியை மறிக்கும்.

கலத்தின் கண்ணுக்குத் தனி வரலாறு உண்டு. ஷ்ட்ரூடரின் ஆய்வகம் பி.என்.சி.சி.டி. என்ற சிலிகான் டிடெக்டரை முதலில் வானியலுக்காகச் செய்தது. 1999 டிசம்பரில் விண்ணில் ஏறிய ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டன் தொலைநோக்கியில் அந்த டிடெக்டர் இருக்கிறது. கருந்துளைகளைச் சுற்றிச் சுழலும் வாயுவும், தொலைவிலுள்ள விண்மீன் திரள் கூட்டங்களும் அனுப்பும் எக்ஸ் கதிர்கள் அதில் ஒற்றை ஒற்றை ஃபோட்டானாக வந்து விழும். விழும் ஒவ்வொரு ஃபோட்டானையும் எண்ணி, அதன் ஆற்றலையும் அளக்க வேண்டும். சிலிகானுக்குள் நுழையும் எக்ஸ் கதிர் ஃபோட்டான் தன் ஆற்றலைச் செலவழித்து எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. 1,800 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் சுமார் 500 எலெக்ட்ரான்களை விடுவிக்கும். டிடெக்டரின் சொந்த இரைச்சல் சில எலெக்ட்ரான்களே என்றால் ஒரு ஃபோட்டான் வந்ததா இல்லையா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

வானத்தின் மிக மங்கிய எக்ஸ் கதிர்களை எண்ணப் பிறந்த கண்ணைப் பூமியின் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிருக்கு எதிரே கொண்டுபோய் வைப்பது பொருந்தாத காரியமாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் பொருந்துகிறது. லேசர் துடிப்பு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், ஒரு வைரஸோ நானோ படிகமோ சிதறடிப்பது அதில் மிகச் சிறு பங்கு. படத்தின் ஓரங்களில் ஒரு பிக்சலுக்கு ஒரு ஃபோட்டான்கூட விழுவதில்லை. உருவத்தின் நுண்ணிய விவரங்கள் இருப்பது அந்த ஓரங்களில்தான். அங்கே ஒற்றை ஃபோட்டானை நம்பிக்கையோடு எண்ணத் தெரிந்த கண் வேண்டும். மியூனிக் குழு கேம்ப்புக்காகப் புதிய டிடெக்டர்களைச் செய்தது. 75 மைக்ரான் அளவுள்ள பிக்சல்கள், வரிசைக்கு 1,024, மொத்தம் 1,024 வரிசை. விண்ணில் இருக்கும் டிடெக்டரைவிடப் பரப்பிலும் வேகத்திலும் பெரிய பாய்ச்சல் அது.

ஆனால் நடுவில் ஒரு சிக்கல். சிதறாத ஒளி, அதாவது துடிப்பின் பெரும்பகுதி, நேரே டிடெக்டரின் மையத்தை நோக்கி வரும். பட்டால் சிலிகான் கருகிவிடும். அதனால் டிடெக்டரை இரண்டு பாதிகளாகச் செய்து, இடையில் வழி விட்டார்கள். முன் டிடெக்டரின் பாதிகளைத் தேவைக்கேற்ப நகர்த்தலாம். அந்த இடைவெளி வழியாகச் செல்லும் சிறுகோணச் சிதறலைப் பிடிக்கப் பின்னால் இரண்டாவது டிடெக்டர். அதிலும் நேர் ஒளி வெளியேற ஒரு துளை. நல்ல தீர்வுதான், ஆனால் விலை உண்டு. சிதறல் படத்தின் மையத்தில் பொருளின் மொத்த அளவும் பருமனும் அடங்கியிருக்கின்றன, விளிம்பில் நுண்விவரங்கள் இருக்கின்றன. மையம் இல்லாத படத்திலிருந்து பொருளை மீட்டெடுக்கும்போது மொத்த அளவைக் கணிதம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிடெக்டரைக் காப்பாற்ற விட்ட இடைவெளி, பின்னால் கணினி முன் அமர்கிறவருக்குப் பல மாத வேலையாக மாறியது. நிலைய வடிவமைப்பில் ஒவ்வொரு முடிவும் இப்படி யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும்.

மாதிரி அமரும் இடத்தைச் சுற்றி எலெக்ட்ரான், அயனிக் கருவிகள். மின்புலம் எலெக்ட்ரான்களை ஒரு பக்கமும் அயனிகளை எதிர்ப்பக்கமும் இழுத்துச் செல்லும். தட்டில் அவை விழும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால், எந்தத் திசையில் எந்த வேகத்தில் பிய்ந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இந்தத் தட்டுகள் ஒளிப்பாதைக்குக் குறுக்காக, டிடெக்டர்கள் ஒளிப்பாதையின் திசையில். மாதிரியைக் கொண்டுவரும் நாசில் மூன்றாவது திசையில். இவை ஒன்றையொன்று முட்டாமல், ஒன்றின் மின்புலம் மற்றதைக் கெடுக்காமல் அடுக்கப்பட்டன. கலத்தைச் சுற்றி அத்தனை வாய்கள் இருப்பதற்குக் காரணமும் அதுவே.

டிசம்பர் 2009. எல்.சி.எல்.எஸ்ஸின் முதல் நிலையமான ஏ.எம்.ஓ. அறையில், ஒளியைக் குவிக்கும் வளைந்த கண்ணாடிகளுக்குப் பின்னே கேம்ப் பொருத்தப்பட்டிருந்தது. அக்டோபரில் அதே அறையில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் லிண்டா யங் குழு, நியான் அணுவின் 10 எலெக்ட்ரான்களையும் உரித்துக் காட்டியிருந்தது. அதற்கு ஆய்வகத்தின் சொந்தக் கலமே போதுமானதாக இருந்தது. இப்போது உயிரியலின் முறை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெட்ரா ஃபிரோம், ஒளிச்சேர்க்கைக்குப் பொறுப்பான ஃபோட்டோசிஸ்டம் 1 என்ற பெரிய புரதத் தொகுதியின் மிகச் சிறிய படிகங்களைக் கொண்டுவந்தார். 200 நானோமீட்டரிலிருந்து 2 மைக்ரான் வரையான படிகங்கள். சாதாரண எக்ஸ் கதிர் ஆய்வில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு. இந்தப் புரதத்தின் அமைப்பு 2001-லேயே தெரிந்திருந்தது. தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். புதிய முறை சொல்வது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

படிகங்கள் நீரில் மிதக்க வேண்டும், இல்லாவிட்டால் புரதம் குலைந்துவிடும். கலத்துக்குள்ளோ வெற்றிடம். வெற்றிடத்தில் நீரைப் பீய்ச்சினால் உறைந்து பனியாகும். நாசில் முனையில் பனி வளர்ந்தால் தாரை வளையும், ஒளிப்பாதையை விட்டு விலகும். அந்தப் பனியின்மேல் துடிப்பு பட்டால் எழும் வலுவான சிதறல் டிடெக்டரின் பிக்சல்களைக் காயப்படுத்தும். அதற்கும் மேல், டிடெக்டர்கள் குளிர்விக்கப்பட்டவை. கலத்தில் உலவும் நீராவி அவற்றின்மேலும் படியப் பார்க்கும். ஜான் ஸ்பென்ஸும் அரிசோனாவில் அவரோடு இருந்தவர்களும் இதற்கு விடை வைத்திருந்தார்கள். நீர்த்தாரையைச் சுற்றி வாயுவைச் செலுத்தினால், வாயு தாரையை நெருக்கி மெல்லியதாக்கும். நாசிலின் துளை அகலமாகவே இருக்கலாம், அதனால் அடைப்பு குறைவு, ஆனால் தாரையின் தடிமன் 4 மைக்ரான்தான். தாரையைத் தனியே ஓர் உறைக்குள் ஓடவிட்டு, அந்த உறையிலிருந்து ஆவியைத் தனி பம்ப் இழுத்துக்கொண்டது. முன் டிடெக்டருக்கும் தாரைக்கும் இடையே 68 மில்லிமீட்டர். பின் டிடெக்டர் 564 மில்லிமீட்டர் தள்ளி.

ஒளியும் தாரையும் குறுக்கே சந்தித்தன. வினாடிக்கு 30 முறை துடிப்பு வந்தது. எந்தத் துடிப்பு வரும்போது தாரையில் படிகம் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதற்குக் கட்டுப்பாடே இல்லை. பெரும்பாலான துடிப்புகள் வெறும் நீரைத் தாக்கின. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு டிடெக்டரும் சேர்ந்து சுமார் 4 மெகாபைட். மணிக்கு 400 ஜிகாபைட்டைத் தாண்டும். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றில் படிகத்தின் திசையைக் கண்டறிந்து ஒன்றுசேர்க்க முடிந்தவை சுமார் 15,000. இருநூறில் ஒன்று. ஆனால் அந்த 15,000 போதும். ஒவ்வொன்றும் வேறு வேறு படிகம், வேறு வேறு திசை, எல்லாம் சேர்ந்து ஒரே புரதத்தின் முப்பரிமாணச் சிதறல் வரைபடம். ஒவ்வொரு படிகமும் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சு 70 கோடி கிரே வரை. உறையவைத்த படிகங்கள் சாதாரணமாகத் தாங்கும் எல்லை 3 கோடி கிரே. எல்லையைப்போல் 20 மடங்குக்கும் மேல் வாங்கிய பிறகும் படத்தில் சேதம் தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டில் கணினியில் செய்த கணக்கு, உண்மையான புரதத்தில் நிரூபணமானது.

அதே மாதம், அதே கலத்தில், உப்சாலாவிலிருந்து வந்த ஹைடுவின் குழு மிமிவைரஸை வைத்துப் பார்த்தது. படிகமாகாத, தனித்தனி வைரஸ்கள். நீர்த்தாரை இருந்த இடத்தில் இப்போது காற்றுத் துகள்களாக அவற்றை ஊதிச் செலுத்தும் கருவி. 450 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வைரஸ் துடிப்பின் வழியில் குறுக்கிட்டால் ஒரு படம், அத்தோடு அந்த வைரஸ் இல்லை. ஒற்றைத் துடிப்பில் கிடைத்த சிதறலிலிருந்து வைரஸின் நிழலுருவத்தை 32 நானோமீட்டர் நுணுக்கத்தில் மீட்டார்கள். மையத்து இடைவெளியின் தொல்லை இங்கேதான் கடுமையாக இருந்தது. படிகத்துக்கு மையம் அவ்வளவு முக்கியமில்லை, தனித் துகளுக்கு அதுதான் அடித்தளம். இரண்டு ஆய்வுகளும் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி நேச்சரில் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்தன.

இரண்டில் எது பெரியது என்று கேட்டால் நான் படிகத்தின் பக்கம்தான் நிற்பேன். அதுவே பின்னர் உலகின் வன் எக்ஸ் கதிர் லேசர்களில் அன்றாட முறையானது. ஆனாலும் கேம்ப்பின் சிறப்பு அந்த இரண்டுக்கும் ஒரே மாதத்தில் இடம் கொடுத்ததில் இருக்கிறது. நீரும் வெற்றிடமும் சண்டையிடும் சோதனை ஒன்று, காற்றில் மிதக்கும் வைரஸ் மற்றொன்று. இரண்டுக்கும் டிடெக்டர் ஒன்றே, இணைப்பு வாய்கள் அவையே.

எலெக்ட்ரான்காரர்களின் பங்கும் சளைத்ததல்ல. அதே ஏ.எம்.ஓ. அறையில், அதே கலத்தில், செனான் வாயுவின்மேல் துடிப்புகளைச் செலுத்தினார்கள். செனானுக்கு 54 எலெக்ட்ரான்கள். 1,500 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒளியால் அதில் எத்தனை உரியும் என்று கணக்குகள் சொன்னதைவிட மிக அதிகமாக, 36 வரை உரிந்தன. அதைவிட ஆற்றல் கூடிய ஒளியைச் செலுத்தினால் உரிவது குறைந்தது. அயனிகளை எண்ணும் கருவி மட்டும் இருந்திருந்தால் இந்தப் புதிரோடு நின்றிருப்பார்கள். கேம்ப்பில் அதே நேரத்தில் பி.என்.சி.சி.டி. டிடெக்டர் செனான் உமிழும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலையும் அளந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது விடை தெளிந்தது. எலெக்ட்ரான்களை இழக்க இழக்க, மிஞ்சியவற்றின் ஆற்றல் மட்டங்கள் இடம் மாறி, வரும் ஒளியோடு ஒத்திசையத் தொடங்குகின்றன. 2012-இல் வெளியான இந்த முடிவு புரத ஆய்வாளர்களுக்கும் உடனே பயன்பட்டது. புரதத்தில் கனமான அணு இருந்தால் எந்த ஆற்றலைத் தவிர்க்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. அணு இயற்பியலாளரும் உயிரியலாளரும் ஒரே கலத்தைப் பங்கிட்டதன் பலன் இது.

இன்னொரு சோதனையில் மீத்திரவ ஹீலியத்தின் நானோ துளிகளைக் கலத்துக்குள் விட்டார்கள். தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து அரை டிகிரிகூட மேலே இல்லாத குளிரில் இருக்கும் துளிகள் அவை. சுழலும் துளிகள் சில உருண்டையாக இல்லாமல் சக்கரம்போல் தட்டையாகியிருந்தன. துளிக்குள் செனான் அணுக்களைச் சேர்த்தபோது அவை சுழல்களின் மையத்தில் போய் ஒட்டிக்கொண்டன. சிதறல் படத்தில் புள்ளிகள் ஒழுங்காகத் தெரிந்தன. துளிக்குள்ளே குவாண்டம் சுழல்கள் வரிசை கட்டி நிற்பதன் அடையாளம் அது. 2014-இல் சயன்ஸ் இதழில் வந்த இந்த ஆய்வை 2008-இல் கலத்தை வரைந்துகொண்டிருந்த யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. கலம் அதற்கு இடம் வைத்திருந்தது.

எல்லாம் இப்படிச் சுகமாக அமைந்துவிடவில்லை. எதற்கும் வளைந்து கொடுக்கும் கலம் என்றால், ஒவ்வொரு சோதனைக்கும் அதைப் பிரித்துக் கட்ட வேண்டும். நாசிலை எடுத்து வாயுத்தாரையை வைக்கலாம், ஆனால் கலத்தைத் திறந்தால் வெற்றிடம் போய்விடும். மூடி, மறுபடி காற்றை இழுத்து, டிடெக்டரைக் குளிர்வித்து, எல்லாவற்றையும் ஒளியின் பாதையில் மைக்ரான் கணக்கில் நேர்ப்படுத்த வேண்டும். எக்ஸ் கதிர் ஓடும்போது அறைக்குள் யாரும் இருக்க முடியாது. அறையைச் சோதித்துப் பூட்டிய பிறகே ஒளி திறக்கும். உள்ளே ஒரு திருகு தளர்ந்தால் ஒளியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 12 மணி நேர முறைகள் ஐந்து. உலகம் முழுவதிலிருந்தும் போட்டியிட்டுப் பெறும் அந்த நேரத்தில் நாசில் அடைத்துக்கொண்டால் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

ஏ.எம்.ஓ. அறையின் ஒளிக்கும் ஓர் எல்லை இருந்தது. அங்கே வந்த ஒளி 2,000 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டவில்லை. ஃபோட்டோசிஸ்டத்துக்குப் பயன்பட்ட 1,800 எலெக்ட்ரான் வோல்ட் ஒளியின் அலைநீளம் 6.9 ஆங்ஸ்ட்ராம். அதனாலும் டிடெக்டர் அமைந்திருந்த விதத்தாலும் 8.5 ஆங்ஸ்ட்ராமைவிடக் கூர்மையான விவரம் அங்கே கிடைக்கவில்லை. அணுக்களைத் தனித்தனியே பார்க்க 2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்தப் பொறுப்பு தொலைவிலுள்ள நிலத்தடிக் கூடத்தில் எழுந்த சி.எக்ஸ்.ஐ. நிலையத்துக்குப் போனது. செபாஸ்டியன் பூத்தே அப்போது அதன் பொறுப்பாளர். ஒரே வேலைக்காக, அதாவது உருவம் எடுப்பதற்காக, அறையோடு சேர்த்துக் கட்டிய நிலையம் அது. ஒளியை ஒரு மைக்ரானுக்கும், மற்றொரு கண்ணாடி இணையால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குவிக்கும். அதன் அன்றைய டிடெக்டர் கார்னெல் பல்கலைக்கழகமும் ஸ்லாக்கும் சேர்ந்து செய்தது. பிக்சல் பெரிது, 110 மைக்ரான், நுண்மையில் மியூனிக் கண்ணுக்கு ஈடில்லை. ஆனால் வலுவான சிதறலைத் தாங்கும், வினாடிக்கு 120 படம் எடுக்கும். 2012-இல் அங்கே லைசோசைமின் அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கணினிக்குள் வெடித்ததும் ஒரு வகை லைசோசைம்தான்.

கேம்ப்பின் அமெரிக்க வாழ்க்கை முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது, ஸ்லாக் தனக்கென்று லாம்ப் என்ற கலத்தைச் செய்துகொண்டது. அமைப்பில் அது கேம்ப்பின் வாரிசு. ஏ.எம்.ஓ. அறையையே பின்னர் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். காரணம், பழைய முடுக்கியின் முதல் கிலோமீட்டரை எடுத்துவிட்டு 2 கெல்வின் குளிரில் இயங்கும் நியோபியம் முடுக்கியை அங்கே வைத்ததுதான். 2023 செப்டம்பரில் ஒளிர்ந்த புதிய லேசர் வினாடிக்கு 10 லட்சம் துடிப்புகள் வரை தரவல்லது. ஒரு துடிப்புக்கு 2 மெகாபைட் படம் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 2 டெராபைட். அதைச் சேமிப்பது ஆகாத காரியம். எனவே எது வைக்கத்தக்கது, எது எறியத்தக்கது என்று டிடெக்டரை ஒட்டியே கணினி முடிவெடுக்க வேண்டும். கேம்ப் காலத்தில் வெறும் நீர் பதிந்த படங்களையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். மிமிவைரஸ் சிதறல்கள் பொதுத் தரவு வங்கியில் போய்ச் சேர்ந்தன, யாரும் எடுத்துத் தங்கள் கணிதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். 2015-இல் 198 சிதறல் படங்களைத் திசையறிந்து ஒன்றுசேர்த்து வைரஸின் முப்பரிமாண உருவத்தை அமைத்தார்கள். முதல் நாளிலேயே வடிகட்டியிருந்தால் எந்த வடிகட்டியை நம்பியிருப்போம் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. இன்றைய நிலையங்களை வரைகிறவர்களும் அதோடு மல்லாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மியூனிக்கின் கண் மீண்டும் வானத்துக்கும் போனது. 2019 ஜூலையில் ஏவப்பட்ட எரோசிட்டா தொலைநோக்கியின் ஏழு கேமராக்களும் பி.என்.சி.சி.டி. வகைதான். மற்றொரு கிளை, ஹாம்பர்க் அருகே 2017-இல் திறந்த 3.4 கிலோமீட்டர் நீள ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசருக்குள் நுழைந்தது.

கேம்ப் ஹாம்பர்க் திரும்பியது. இப்போது ஃபிளாஷ் லேசரின் ஓர் ஒளிப்பாதையில் அது நிலையான இருப்பிடம் பெற்றுவிட்டது, ஒளியை 10 மைக்ரானுக்கும் குறைவாகக் குவிக்கும் கண்ணாடிகள் முன்னே நிற்கின்றன. ஃபிளாஷின் அலைநீளம் இன்னும் புரத அணுக்களைப் பார்க்கும் அளவுக்குக் குறுகியதல்ல, அதனால் உருவம் எடுக்கும் வேலையில் நானோ துகள்களும் அணுக்கொத்துகளும் முன்னுக்கு வந்திருக்கின்றன. எலெக்ட்ரான், அயனிக் கருவிகளுக்குத்தான் அங்கே பெரும் வேலை. மென்லோ பார்க்கில் இருந்தபோதே கேம்ப்பில் அயோடோமீத்தேன் மூலக்கூறை ஒரு லேசர் துடிப்பால் உடைத்து, துண்டுகள் விலகிக்கொண்டிருக்கும்போது எக்ஸ் கதிர்த் துடிப்பால் அயோடினைத் தாக்கினார்கள். இரண்டு துடிப்புக்கும் இடையிலான நேரத்தை மாற்றி மாற்றி, எத்தனை தொலைவு வரை மீத்தைல் துண்டிலிருந்து எலெக்ட்ரான் அயோடினுக்குத் தாவுகிறது, எங்கே தாவல் நிற்கிறது என்று அளந்தார்கள். ஃபிளாஷில் அந்த வகைச் சோதனைகள் தொடர்கின்றன. முதல் துடிப்பு மூலக்கூறைத் தட்டிவிடும், அடுத்தது சில பத்து ஃபெம்டோ வினாடியோ சில நூறு ஃபெம்டோ வினாடியோ கழித்து வரும். ஒரு தட்டில் எலெக்ட்ரான்களும் எதிர்த்தட்டில் அயனிகளும் ஒரே நேரத்தில் விழுந்து எண்ணப்படுகின்றன.